மையில் தெரிந்த முகம்

வெற்றிலையில் மை போட்டுப் பார்த்தால் திருடன் முகம் தெரியும் என்பதில் எங்கள் தெருவில் ஒருத்தருக்கும் சந்தேகம் கிடையாது. அறுபதுகளில் செஞ்சிக்குக் கரண்டெல்லாம் வந்துவிட்டது. ஆனாலும் அத்தையின் கல்யாணக் கம்மல் காணாமல் போனதும் நைனா போலீசுக்குப் போகவில்லை. வல்லத்துக்குப் போய் மைக்காரரைக் கூட்டிவந்தார்.

உச்சிவேளை. கதவு, ஜன்னலெல்லாம் சாத்தி ஒரே ஒரு விளக்கு. வெற்றிலையில் தடவிய மை, எண்ணெய் பளபளக்க, ஒற்றைக் கண் மாதிரி விழித்துக்கொண்டிருந்தது. சின்னப் பிள்ளைகளுக்குத்தான் அது காட்டுமாம். முதலில் என்னை உட்காரவைத்தார்கள். நான் போட்ட கூச்சலில் அம்மா தூக்கிக்கொண்டாள். அந்த இடத்தில் அண்ணனை உட்காரவைத்தார்கள். பெரியம்மா செத்தபின் எங்கள் வீட்டோடு வளர்ந்தவன், பொய் சொல்லத் துப்பில்லாத பிள்ளை.

"நல்லா உத்துப் பாருடா. யார்னா தெரியறாங்களா?"

குனிந்தவன் வெகுநேரம் நிமிரவேயில்லை. மைக்காரரின் முணுமுணுப்பு மட்டும் கேட்டது.

"தெரியுது."

"இன்னா தெரியுது? ஆம்பளையா, பொம்பளையா?"

"நான்தான் தெரியறேன்."

நைனா விட்ட அறையில் வெற்றிலை பறந்தது. "சத்தியமா என் மூஞ்சிதான் சித்தப்பா தெரிஞ்சிச்சி" என்று அவன் அழ அழ, அடி கூடியது. மை பேசிவிட்டதாம்! அட பாவிகளா.

அதற்கப்புறம் யார் வீட்டில் கோழி காணோமென்றாலும் எங்கள் வாசலில் வந்து நின்றார்கள். பள்ளிக்கூடத்தில் யாரும் அவன் பக்கத்தில் உட்காரவில்லை. கோட்டையில் சுற்றித்திரிந்த பயல்கள்தான் அவனைச் சேர்த்துக்கொண்டார்கள். கடைசியில் அனந்தபுரம் சந்தையில் நிஜமாகவே மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, மூட்டையோடு பிடிபட்டு, சீர்திருத்தப் பள்ளிக்குப் போனான்.

"மை அப்பவே சொல்லிச்சே" என்றார் நைனா, ஏதோ தானே ஜெயித்தமாதிரி.

அவன் போன பிறகு, புது நெல் கொட்டக் குதிருக்குள் இறங்கிப் பெருக்கிய அம்மா கையில் கம்மல் கிடைத்தது. "பயந்துபோயி அதுல போட்டிருக்கான் திருட்டுப்பய" என்று அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள்.

அன்று சாயங்காலம் அம்மாவோடு செட்டிகுளத்துக்குப் போனேன். மலையின் நிழல் விழுந்து தண்ணீர் கறுத்துக் கிடந்தது. குனிந்தேன். உள்ளேயிருந்து என் மூஞ்சி என்னையே உற்றுப் பார்த்தது.

ஐயோ, நானுமா! குடத்தால் தண்ணீரைக் கலக்கிவிட்டு, அம்மா பார்த்துவிட்டாளா என்று திரும்பிப் பார்த்தேன். எதைத் திருடினேன் என்பதுதான் எனக்கு எவ்வளவு யோசித்தும் புரியவில்லை.