ஒன்பது கஜத்தில் அளந்த சந்து

எதிர்வீட்டு வங்காளி பாபு இன்னொரு மாடி எழுப்பப் போகிறார், ஆட்சேபம் இருந்தால் எழுதித் தரலாம் என்று முனிசிபாலிட்டி நோட்டீஸ் ஒட்டியது. அந்த மாடி எழுந்தால் என் ஜன்னல் இருண்டுவிடும். பவானிப்பூர் வீட்டில் நான் படிக்க வெளிச்சம் தந்தது அந்த ஒரே ஜன்னல்தான். அப்பா தமிழ் குமாஸ்தாக்களுக்குச் சமைத்துப் போடுகிறவர், எழுத்து தெரியாது. எங்கள் வம்சத்திலேயே பள்ளிக்கூடம் போனவள் நான் ஒருத்திதான். மனு எழுத உட்கார்ந்தபோது எனக்கு எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை.

"அவாத்து மீன் நாத்தத்தை முதல்ல எழுதுடி," என்றாள் அம்மா.

"அதெல்லாம் அவா பார்க்க மாட்டாம்மா. வெளிச்சம், காத்து, சந்தோட அகலம், இதைத்தான் பார்ப்பா."

"அவாத்துக் காக்கா வந்து நம்ம வடாத்தைக் கொத்தறதே?"

"காக்காய்க்கு முனிசிபாலிட்டி பொறுப்பில்லை."

சந்து குறுகக் குறுக வீட்டின் உயரமும் குறைய வேண்டும் என்று பள்ளியில் கேட்டு வந்திருந்தேன். எவ்வளவுக்கு எவ்வளவு என்பது மட்டும் தெரியாது. அளக்க எங்களிடம் இருந்தது அம்மாவின் ஒன்பது கஜம் புடவைதான். ஒரு முனையை எங்கள் சுவரில் நான் பிடித்தேன். மறுமுனையை எதிர்ச்சுவரில் வைத்துப் பிடித்தவள் பாபுவின் மனைவியேதான்! அவளை வங்காளியில் பௌதி, அதாவது அண்ணி, என்று கூப்பிடுவேன்.

"உங்க மாடி வரக்கூடாதுன்னுதான் அளக்கறேன், பௌதி," என்று உண்மையைச் சொன்னேன்.

"நல்லா இழுத்துப் பிடி! மாடி வந்தா அத்தனை படியும் ஏறப்போறது நான்தானே?" என்று சிரித்தாள்.

புடவையை இரண்டாக மடித்தால் சந்துக்குச் சரியாக இருந்தது. நாலரை கஜம் என்று மனுவில் எழுதினேன்.

ஓவர்சியர் நேரில் பார்க்க வந்தார்.

"புடவையால அளந்த மனுவா? நாடா போட்டு அளங்க சார்!" என்று பாபு வயிறு குலுங்கச் சிரித்தார்.

அளந்தார்கள். நான் எழுதியதைவிடச் சந்து ஓர் அடி குறைவு. என் காது சுட்டது. பாபு கைதட்டினார்.

"கைதட்டாதீங்க, மோஷாய்," என்றார் ஓவர்சியர். "இந்தப் பொண்ணு எழுதின அகலத்துக்கு உங்க மாடி தப்பிச்சிருக்கும். நாடா சொல்ற அகலத்துக்கு மாடியே கிடையாது."

"நாலு வருஷமாத் துவைச்ச புடவை சுருங்காம என்ன பண்ணும்?" என்றாள் அம்மா, கதவுக்குப் பின்னாலிருந்து. எதிர்வீட்டு மாடியில் பௌதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மறுநாள் புத்தகத்தோடு ஜன்னலுக்குப் போனேன். ஒரே இருட்டு. அம்மா அந்தப் புடவையை அங்கே உலர்த்தியிருந்தாள்.

"வெளிச்சத்தை மறைக்கறே. உன் மேலயும் மனு எழுதுவேன்!"

"எழுதேன். இந்தத் தடவையாவது மீனைச் சேர்த்துக்கோ."