அண்ணியின் ஃப்ளெக்ஸில் ஒரே ஒரு வார்த்தை

எங்க அண்ணி வார்டு கவுன்சிலருக்குச் சுயேச்சையா நிக்கறாங்க. ஃப்ளெக்ஸுக்கு ஒரு நல்ல வரி வேணும்னு ஒரு வாரமா ஊட்ல யாரும் சரியாத் தூங்கலை.

'உங்கள் வீட்டுப் பெண்'னு சொன்னேன். எதிர்ல நிக்கறவங்க அதைப் போட்டாச்சு. 'மாற்றம்'னு சொன்னேன். "போன தடவை ஜெயிச்சவரும் அதத்தான போட்டாரு"ன்னு அண்ணன் எந்திரிச்சுப் போயிட்டாரு.

கடைசில அண்ணியே சொன்னாங்க. "நம்ம பேச்சுலயே இருக்கட்டும். தண்ணி வரலையா, சாக்கடை அடைச்சிருச்சா, கூப்பிட்டா வாரேனுங்க. அதையே போடு."

எனக்கும் புடிச்சிருந்துச்சு. அண்ணி கும்பிடற போட்டோ. கீழ பெருசா 'வாரேனுங்க'ன்னு மட்டும்.

இன்னைக்குக் காலைல வெண்ணந்தூர் பஸ் ஸ்டாப்புல மொத ஃப்ளெக்ஸைக் கட்டிட்டுத் தள்ளி நின்னு பாத்தேன். பஸ்ஸுக்கு நின்ன ஒரு அக்காவும் ரொம்ப நேரம் பாத்தாங்க. அப்புறம் செருப்பைக் கழட்டிட்டுக் கும்பிட்டாங்க.

"ஏனுங்க, சின்ன வயசாட்டத் தெரியுது. என்னாச்சுங்க இவங்களுக்கு?"

"எலக்‌ஷன்ல நிக்கறாங்கக்கா."

"அட, உசுரோடதான் இருக்காங்களா? வாரேனுங்கன்னு போட்ருக்கவும், போயிட்டாங்களாட்ட இருக்குதுன்னு நெனச்சுட்டேன்."

நான் மறுபடியும் ஏறிக் கயித்தை அவுத்தேன். அதுக்குள்ள பஸ் வந்துருச்சு.

"தப்பா எடுத்துக்காதீங்க சாமி"ன்னவங்க, படில கால் வெச்சுட்டுத் திரும்பிச் சொன்னாங்க.

"வாரேனுங்க."

அண்ணிகிட்ட இன்னும் சொல்லலை. வேற வரி தெரிஞ்சா கமெண்ட்ல போடுங்க. ஓட்டு விழலைன்னாலும் பரவால்ல, மாலை விழாம இருந்தாப் போதும்.