டச்சுக்காரன் பிடிக்காத கோட்டை

மொசாம்பிக் தீவில் சகீனாவுக்குச் சொத்து என்று இருந்தது ஊர்க்கதை ஒன்றுதான். பன்னிரண்டு வயதிலிருந்து கோட்டைத் தொட்டியில் மழைநீர் மொண்டு தலையில் சுமந்தவள். தண்ணீருக்கு வரிசையில் நிற்கும்போது காதில் விழுந்ததை எல்லாம் சேர்த்து வைத்திருந்தாள். போர்ச்சுகல்காரன் எந்தச் சுவரை எப்போது எழுப்பினான், டச்சுக்காரன் இரண்டு முறை வந்து ஊரையே கொளுத்தியும் கோட்டையைப் பிடிக்க முடியாமல் எப்படிக் கப்பலேறினான், எல்லாம் அத்துப்படி.

பெண்கள் மேளத்துக்குப் பாடி ஆடும் துஃபோ ஆட்டத்தில் அந்தக் கதையை முன்னால் நின்று பாடுவதும் இருபது வருடமாக அவள்தான். அவள் ஓர் அடி பாடினால் மற்ற பெண்கள் அதையே திருப்பிப் பாடுவார்கள். இந்த வருடம் அந்த இடத்தை முவனாஷாவுக்குக் கொடுத்துவிட்டார்கள். தீவைக் கரையோடு சேர்க்கும் பாலத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவள் வந்து குடியேறி நாலு வருடம் ஆகவில்லை! குரல் நன்றாக இருக்கிறதாம். அவள் முகத்தில் வெள்ளை வெளேரென்று முசிரோ மரப்பட்டை விழுதைப் பூசிக்கொண்டு சிரித்தாலே சகீனாவுக்கு வயிறு எரிந்தது.

போதாததற்கு அவள் சகீனாவிடமே பாட்டில் வரும் கதையைக் கேட்க வந்தாள்.

"அக்கா, டச்சுக்காரன் வந்தானே, அப்புறம் என்னாச்சு?"

"என்னாகும்? கோட்டையப் பிடிச்சுட்டான். மூணு வருஷம் இங்கயே இருந்தான்."

"அய்யய்யோ, அப்படியா! நல்லவேள, உங்ககிட்ட கேட்டேன்."

விழாவன்று கோட்டை முற்றத்தில் ஊரே கூடியிருந்தது. "டச்சுக்காரன் கோட்டையைப் பிடித்தான்" என்று முவனாஷா தேனாகப் பாடினாள். திருப்பிப் பாட ஒரு வாயும் திறக்கவில்லை. மேளம் நின்றது. சகீனாவின் மனசு குளிர்ந்தது.

"யாருடி உனக்கு இதச் சொல்லிக் குடுத்தது?" என்று மேளக்காரர் அமீசி கத்தினார்.

"சகீனா அக்காதாண்ணே. அவங்க சொன்னா தப்பா இருக்குமா?"

கூட்டம் சிரித்தது. "அட, சகீனாவுக்கே தெரியாதா? இருபது வருஷமா என்னத்தப் பாடினா?" என்றாள் ஒருத்தி. "வயசாயிடுச்சு, மறந்திருக்கும். பாவம், விடுங்க" என்றார் அமீசி.

பாவமா? சகீனாவுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. பேசாமல் இருந்தால் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் நாளையிலிருந்து கோட்டைக் கதையை ஒருவரும் அவளிடம் கேட்க மாட்டார்கள். வரிசையை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"யாருய்யா மறந்தா? டச்சுக்காரன் ரெண்டு தடவ வந்தான், ரெண்டு தடவயும் ஓடினான். எனக்கா தெரியாது? பொறாமையில, தெரிஞ்சேதான் தப்பாச் சொல்லிக் குடுத்தேன்!"