பதினான்கு மணி நேரம் என்பது பொய்

மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டுப் பார்த்த பிறகுதான் புவனேஸ்வரன் லோரியை எடுப்பார். உள்ளே சூடு ஏறினால் தேயிலைக் கொழுந்து சிவந்துபோகும். அதற்குள் ஆலைக்குப் போயாக வேண்டும். இருபத்தாறு வருடமாக ஒரே மலை, ஒரே ஆறு கிலோமீட்டர். விமானத்தில் ஏறியதில்லை. ஆனால் கோலாலம்பூரிலிருந்து லண்டன் எவ்வளவு தூரம் என்று கேட்டுப் பாருங்கள், பத்தாயிரத்து அறுநூறு கிலோமீட்டர் என்று உடனே வரும். கேட்காவிட்டாலும் வரும்.

மகள் நளினி லண்டனில் நர்ஸ்.

"பதினாலு மணி நேரம்னு போடுறானுங்க. பொய் லா," என்பார். பறக்கிற நேரம் மட்டும்தான் விமானக்காரன் கணக்கு. ஏறுவதற்கு முன் காத்திருக்கும் மூன்று மணி நேரம், இறங்கிப் பெட்டிக்கு நிற்கும் ஒரு மணி நேரம், பிறகு மலையேறும் ஐந்து மணி நேரம் எல்லாம் யார் கணக்கில் என்பது அவர் கேள்வி. கூட்டினால் வர ஒரு நாள், போக ஒரு நாள். மகளுக்குக் கிடைத்ததோ மொத்தமே ஏழு நாள் லீவு.

நேர வித்தியாசத்தின் மேல் தனிக் கோபம். "வரும்போது எட்டு மணி நேரத்தப் புடுங்கிக்கிறான். போகும்போது திருப்பிக் குடுக்குறான். அப்ப குடுத்து எனக்கு என்னா லாபம்?"

ஆலையில் எடை பார்க்கும் அர்ஜுனன் விடமாட்டார். "பேசாம நீயே போயி பிளேன ஓட்டிக்கிட்டு வந்துரு, அண்ணே. வளைவுல ஹாரன் அடிச்சா வழி விட்டுருவானுங்க."

"நான் ஓட்டுனா பன்னெண்டு மணி நேரந்தான், தம்பி," என்றார் இவர், சிரிக்காமல்.

போன தடவை நளினி பஸ் பிடித்து வந்தாள். ஐந்து மணி நேரம் பஸ்காரனுக்குப் போய்விட்டது என்று இன்னும் ஆறவில்லை. இந்த முறை தோட்டத்துத் துரையிடம் லீவு கேட்டு, பழைய சாகா காரைக் கழுவித் தாமே கிளம்பினார். பக்கத்து வீட்டுக்காரனான நானும் தொற்றிக்கொண்டேன். ஒரே ஒரு நிபந்தனை.

"வீட்டுக்கு வந்துட்டா அவங்கம்மா புடிச்சிக்குவா. அப்புறம் லைன் வீட்டுச் சனமே வந்து உக்காந்துக்கும். இந்த அஞ்சு மணி நேரந்தான் எனக்கு. நீங்க பின்னால வாயத் தொறக்கக் கூடாது."

காலையில் கோலாலம்பூரில் வந்திறங்கிய நளினி, "என்னாப்பா, இளைச்சிட்டீங்க?" என்றாள். அதற்கு அவர் நெடுநேரம் பதில் சொன்னார். சொல்லி முடிப்பதற்குள், நகரத்தை விட்டு ரவாங் தாண்டும்போதே, அவள் தலை சாய்ந்துவிட்டது. ரேடியோவை அணைத்தார். மலையடிவாரத்துத் தாப்பாவில் தேநீருக்காக வண்டியை மெதுவாக்கி, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தாமலே போனார். வாய் திறக்கக் கூடாதென்ற நிபந்தனையை மூவருமே காப்பாற்றினோம்.

உச்சி வேளையில் லைன் வீட்டு வாசலில் வண்டி நின்றது. அவர் மனைவி திலகம் ஓடி வந்து கதவில் கை வைத்தார். புவனேஸ்வரன் உதட்டில் விரல் வைத்தார்.

"எழுப்புங்களேன்! பாத்து மூணு வருசமாச்சு."

"தூங்கட்டும் லா."

"நீங்கதான மணிக் கணக்கு போட்டு எங்க உயிர எடுத்தீங்க?"

மூடுபனி விலகி, கண்ணாடி வழியாக வெயில் நளினியின் முகத்தில் விழுந்தது. வெயில் மறைக்கும் தட்டியை இறக்கினால் கிறீச்சிடும். அதைத் தொடாமல் இடக்கையை நீட்டி, அவள் கண்களுக்கு மேலே உள்ளங்கையை விரித்துப் பிடித்தார். அந்தக் கை கடுத்ததும், வலக்கைக்கு மாற்றினார்.