கெடிலக்குக்கு நான் அடித்த சிவப்பு

1999ஆம் வருசம் காமில் முதலாளிக்கு நான் இருபத்தெட்டாயிரம் ரூபா கடன். ஒளிக்க ஒன்றும் இல்லை. அவர் கேகாலை பஸாரில் பெயின்ட் கடை வைத்திருந்த மனுசன். என் கராஜுக்குக் கம்ப்ரஸர் மெசினைத் தவணைக்குக் கொடுத்தார். பெயின்ட்டை விசிறி அடிக்கிற காற்று அதிலிருந்துதான் வரும். அது போனால் கராஜும் போச்சு. தவணைக் காசோடு கொழும்புக்குப் போவேன், பொம்மைக் காரோடு திரும்பி வருவேன். அப்படித்தான் கடன் ஏறியது.

பொம்மை என்று நான் சொல்லலாம். மற்றவன் சொன்னால் எனக்குக் கோபம் வரும். உலோகத்தை உருக்கி அச்சில் வார்த்த கார்கள் அவை. ஒரு அடி நீளம், கையில் எடுத்தால் கனக்கும். கதவு திறக்கும், பொனட் திறக்கும், ஸ்டியரிங்கைத் திருப்பினால் டயர் திரும்பும். பழைய அமெரிக்கன் பணக்காரக் கார்களை மட்டும்தான் சேர்த்தேன். பெக்கார்ட், லிங்கன், இம்பீரியல், கெடிலக். ஜப்பான் கார் எனக்குச் சோறு போட்டது, ஆனால் என் அலுமாரிக்குள் அதை விடவில்லை.

யட்டியாந்தோட்டைப் பக்கம் ரப்பர் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவன் நான். மூன்றாம் வகுப்போடு படிப்பு சரி. பன்னிரண்டு வயதில் தொரை பங்களாவில் கார் கழுவ விட்டார்கள். பெரிய கறுப்பு பெக்கார்ட். துடைத்துத் துடைத்து என் மூஞ்சியை அதில் பார்ப்பேன். எங்கள் லயத்துக் காம்பிரா அறையில் கண்ணாடி கிடையாது. அந்த மினுக்கம்தான் என்னைக் கேகாலைக்கு இழுத்துவந்து காருக்குப் பெயின்ட் அடிக்கிற மேஸ்திரி, எங்கள் பேச்சில் பெயின்ட் பாஸ், ஆக்கியது. 1992இல் சொந்தக் கராஜ் போட்டேன், அதே வருசம் முதல் பொம்மைக் காரையும் வாங்கினேன். கலர் கலக்க என்னைப்போல் இந்த மாவட்டத்தில் ஒருவன் இல்லை. நான் சொல்லவில்லை, ஊரே சொல்லும்.

காமில் கெடு வைத்தார். "வெள்ளிக்கிழமை ஜும்மாத் தொழுகை முடிஞ்சு வருவன் பாஸ். காசு இல்லாட்டி மெசினை ஏத்துவன். கோவிக்கப் படாது."

பதினாலு காரையும் விற்றுவிடுவது என்று இரத்தினபுரிக்குச் சொல்லி அனுப்பினேன். அப்துல் ரஸாக் ஹாஜியார் அங்கே மாணிக்கக்கல் வியாபாரி. கார் சேர்க்கிற பைத்தியம் அவருக்கும் உண்டு. அவரும் அதே வெள்ளிக்கிழமை வந்தார். காமில் ஏற்கெனவே கராஜ் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். மெசினை ஏற்ற வாசலில் லொறி நின்றது.

ஹாஜியார் கல் பார்க்கிற லென்ஸைக் கண்ணில் வைத்து ஒவ்வொரு காராகப் பார்த்தார். கடைசியில் சிவப்பு கெடிலக். பின்பக்கம் மீன் துடுப்பு மாதிரி இரண்டு வால் நிமிர்ந்து நிற்கும். அதை மட்டும் கால் மணி நேரம் பார்த்தார்.

"மத்தப் பதிமூனுக்கும் பதினெட்டாயிரம். இந்தச் சிவப்புக்கு மட்டும் இருபது தாறன்."

முப்பத்தெட்டாயிரம்! கடன் போகப் பத்து மிச்சம். உள்கதவில் நின்ற என் சம்சாரம் மல்லிகா, வாயை மூடிக்கொண்டிருங்க என்று கண்ணாலேயே சொன்னாள். அவளுக்கு விசயம் தெரியும். நான் வாங்கும்போது அது பெயின்ட் உரிந்த நீலக் கார். சுரண்டி, ஏழு கோட் அடித்துச் சிவப்பாக்கினது நான். கம்பெனி பெயின்ட் போன காருக்குச் சேர்க்கிறவர்களிடம் பாதி விலைகூடக் கிடைக்காது.

நானும் மூடிக்கொண்டுதான் இருந்தேன். ஹாஜியார் விட்டாரா?

"பாருங்க காமில், இதான் அமெரிக்காக்காரன்ட பெயின்ட். எங்கட பாஸ்மாருக்கு நூறு வருசம் போனாலும் இது வராது."

பத்தாயிரம், பத்தாயிரம் என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். முடியவில்லை.

"ஹாஜியார், அது அமெரிக்காக்காரன் அடிச்சதில்லைங்க. நான் அடிச்சது."

மல்லிகா தலையில் அடித்துக்கொண்டாள். ஹாஜியார் சிரித்தார். "சும்மா கதைக்காதீங்க பாஸ்." காரைக் கவிழ்த்து, திருகாணியைக் கழற்றி, சீட்டுக்கு அடியில் மிச்சமிருந்த நீலத்தைக் காட்டினேன். அவர் சிரிப்பு நின்றது.

"சூடு வச்சு நிறம் ஏத்தின கல்லை நல்ல கல்லுன்னு விக்கப் பாத்தீங்க. அப்ப மத்தப் பதிமூனும் இப்பிடித்தானே? எனக்கு ஒன்னும் வேணாம்."

எழுந்துவிட்டார். காமில் லொறிக்காரனுக்குக் கை காட்டினார். இரண்டு பேர் வந்து கம்ப்ரஸரின் கால் போல்ட்டில் ஸ்பேனரைப் போட்டார்கள்.

நான் பிளேடை எடுத்தேன். "எதையாச்சும் ஒன்னு காட்டுங்க, சுரண்டுறேன். அடியில வேற கலர் வந்தா பதிமூனையும் சும்மா கொண்டு போங்க."

அவர் விரல் கறுப்பு லிங்கனில் போய் நின்றது. மற்றப் பன்னிரண்டும் பெட்டி உடைக்காமல் வாங்கினது. லிங்கன் மட்டும் நடைபாதைக் கடையில் கைமாறி வந்தது. முன்னால் வைத்திருந்தவன் அதில் என்ன செய்தானோ, எனக்குத் தெரியாது. பெயின்ட் பாஸுக்கே தெரியாதா என்று கேட்காதீர்கள். கறுப்புக்கு அடியில் எதுவும் மறையும்.

"வேற ஒன்ன எடுக்கச் சொல்லுங்களேன்!" என்றாள் மல்லிகா.

"நீ சும்மா இரு புள்ள."

டிக்கியின் உள்பக்கம் பிளேடை வைத்துச் சுரண்டினேன். ஒரு போல்ட் கழன்று தரையில் விழுந்த சத்தம் கேட்டது. கறுப்புத் தூள் உதிர்ந்தது. அடியிலும் கறுப்பு. இன்னும் அழுத்தினேன். வெள்ளையாக உலோகம் பளிச்சென்றது. ஹாஜியார் லென்ஸை வைத்துக் குனிந்தவர் நிமிரவே இல்லை. இரண்டாவது போல்ட்டும் விழுந்தது.

"ஒரே கோட்டுப் பெயின்ட்," என்றார் கடைசியில். "ஒரிஜினல்தான். பதிமூனுக்கும் சொன்ன பதினெட்டு. சிவப்புக்கு ஆறு."

"பத்து."

"சூடு வச்ச கல்லுக்கா?"

"சூடு வச்சது யாருன்னு தெரிஞ்ச கல்லுங்க. பத்துக்குக் குறைஞ்சா கார் இங்கயே கிடக்கட்டும்."

காமிலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "குடுங்க ஹாஜியார். மெசினைக் கழட்டினாலும் இவர்ட வாயைக் கழட்ட ஏலாது."

"சரி, பத்து."

"இன்னொரு பேச்சும் இருக்குங்க. யார் கேட்டாலும் கேகாலை பெயின்ட் பாஸ் அடிச்ச சிவப்புன்னு சொல்லணும்."

"சொல்றன், சொல்றன். என்னை எண்ண விடுங்க."

"பத்தாயிரம் ரூபா வாய் உங்களுக்கு," என்று மல்லிகா எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள். இந்த ஜில்லாவில் அந்த விலைக்குப் போன வாய் வேறு எது என்று கேட்டேன். அவள் சிரிக்கவில்லை.

ஹாஜியார் எண்ணித் தந்த கட்டை வாங்கினேன். கழற்றின போல்ட்டுகளை முதலில் பூட்டச் சொன்னேன். இரண்டும் இறுகின பிறகு காமில் கையை விரித்து நீட்டினார். இருபத்தெட்டு ஆயிரம் ரூபாத் தாள். ஒவ்வொன்றாக, பஸாருக்கே கேட்கிற மாதிரி சத்தமாக எண்ணி, அந்தக் கையில் வைத்தேன்.