நோரீன் கேட்ட லைசென்ஸ் கேள்வி

கேட்காமல் இருந்திருக்கலாம். நோரீன் ஹாகனை நினைக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் வருவது இந்த எரிச்சல்தான். எங்கள் ஊரான மோடெஸ்டோவில் அந்த வருஷம் கடன் கட்ட முடியாமல் தெருவுக்கு நாலு வீடு வங்கியின் கைக்குப் போய்க்கொண்டிருந்தது. வங்கியோடு பேரம் பேசித் தருகிறேன் என்று போர்டு போட்டவர்களில் பாதிப் பேர் முன்பணம் வாங்கிக்கொண்டு கம்பி நீட்டினார்கள். லைசென்ஸ் வேண்டுமா என்று அவர்களில் ஒருவனும் யாரையும் கேட்கவில்லை. இவள் கேட்டாள்.

நோரீன் முன்பு ஒரு வங்கியில், தவணை கட்டாதவர்களை போனில் விரட்டும் வேலை பார்த்தவள். வங்கி ஆட்டம் கண்டு அவளை வெளியே அனுப்பியதும் எதிர்ப்பக்கம் வந்து உட்கார்ந்துவிட்டாள். வீட்டின் விலை கடனுக்குக் கீழே இறங்கிவிட்டால், கிடைத்த விலைக்கு விற்க விட்டு மீதியைத் தள்ளுபடி செய்யும்படி வங்கியைச் சம்மதிக்க வைக்க வேண்டும். ஷார்ட் சேல் என்போம். வீடு விற்கும் ஏஜெண்டுகளுக்கு அந்தப் பேச்சும் வராது, பொறுமையும் கிடையாது. எங்கள் ஆபீஸ் ஏஜெண்ட் டுவேன் ஸ்டோல்ட்ஸ் அதை முழுக்க இவள் தலையில் கட்டியிருந்தான்.

வரவேற்பு மேஜை எனக்கு, பக்கத்து மேஜை அவளுக்கு. போனை ஸ்பீக்கரில் போட்டுவிடுவாள். வங்கியின் காத்திருப்புப் பாட்டு மணிக்கணக்காக ஓடும். அதன் நடுவே சாண்ட்விச் தின்பாள், நகம் வெட்டுவாள், என்னோடு வம்பளப்பாள். மறுமுனையில் ஆள் வந்ததும் குரல் தேனாகிவிடும். "கண்ணு, நான் நோரீன் பேசறேன். பையனுக்குக் காய்ச்சல் விட்டுச்சா?" முகம் தெரியாத வங்கிக்காரியின் பையனைப் பற்றி இவளுக்கு எப்படித்தான் தெரியுமோ! வாரம் தவறாமல் கூப்பிட வேண்டும். விட்டால் ஃபைலை மூடி, கோர்ட் வாசல் படியில் வீட்டை ஏலம் போட்டுவிடுவார்கள்.

எங்களிடம் வந்தவர்களில் வெர்னா கிம்பல் ஒருத்தி, பள்ளி பஸ் ஓட்டுபவள். புருஷன் விட்டுப் போனபின் தவணை நின்றுபோனது. வீட்டை வாங்க ஆள் தயார். வங்கி தலையாட்ட வேண்டியதுதான் பாக்கி. பஸ் டிப்போ பக்கத்தில் சின்னதாக ஒரு வாடகை வீடு பேசி வைத்திருந்தாள். ஆனால் அந்த வீட்டுக்காரி, ஏலத்தில் வீட்டை விட்டவர்களுக்குத் தரமாட்டேன் என்று கறாராகச் சொல்லிவிட்டாள். ஏலம் மட்டும் நடக்கக் கூடாது. வெர்னா எங்களிடம் கேட்டது அது ஒன்றுதான்.

அந்தச் சமயத்தில்தான் மாநில அரசு மோசடிக்காரர்களைப் பிடிக்கத் தொடங்கியது. பிறருக்காகப் பேரம் பேசுகிறவருக்கு ரியல் எஸ்டேட் லைசென்ஸ் வேண்டும் என்று பேச்சு அடிபட்டது. ஏஜெண்டின் கீழே இருந்து பேசுகிறவளுக்கும் வேண்டுமா? ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். நோரீன் நேராக லைசென்ஸ் அலுவலகத்துக்கே போன் போட்டாள்.

"வேண்டாம்டி," என்றேன். "சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுக்காத."

"தப்புன்னா தெரிஞ்சுக்கணும்ல? அந்தத் திருட்டுப் பசங்களோட என்னையும் ஒண்ணாச் சேத்துட்டா?"

அங்கிருந்த பெண் மரியாதையாகத்தான் சொன்னாள். பேரம் பேசினால் லைசென்ஸ் வேண்டும். வரும்வரை நிறுத்தி வையுங்கள். நோரீன் அன்றே நிறுத்திவிட்டாள்.

டுவேன் குதித்தான். "வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிட்டியேம்மா! யாரு பாக்கப்போறா?"

"நான் படிச்சு வாங்கிடறேன், டுவேன். பரீட்சை முடியற வரைக்கும் வெர்னா ஃபைலை நீ பாத்துக்க. வாரா வாரம் கூப்பிடணும், மறந்துடாத."

"சரி சரி, பாத்துக்கறேன்."

பார்த்தான், கிழித்தான்! ஒரே ஒரு தடவை கூப்பிட்டு, பாட்டு ஓடுவதைப் பொறுக்காமல் வைத்துவிட்டு மீன் பிடிக்கப் போய்விட்டான். நோரீன் கேட்கும்போதெல்லாம் "வங்கி யோசிக்குதாம்" என்றான். இதெல்லாம் எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. ஏல நோட்டீஸ் கதவில் ஒட்டியதும் வெர்னா பதறிப்போய் அவனிடம் கேட்டிருக்கிறாள். "தேதியெல்லாம் தள்ளிப் போயிட்டே இருக்கும்" என்று சொல்லியிருக்கிறான், பாவி.

நோட்டீஸ் வருவதற்கு முன்பே, நோரீன் பேச்சை நிறுத்தியிருந்த சமயத்தில், ஒருநாள் வெர்னா ஆபீசுக்கு வந்திருந்தாள். "நான் ஏதாச்சும் செய்யணுமா?" என்றாள்.

"நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம். எல்லாம் நாங்க பாத்துக்கறோம்," என்றாள் நோரீன்.

எங்கள் தொழிலில் வருகிறவர் எல்லோரிடமும் இதைத்தான் சொல்வோம். நீங்கள் வங்கியோடு பேசாதீர்கள், எதையாவது உளறிக் கெடுத்துவிடுவீர்கள், எங்களிடம் விட்டுவிடுங்கள். வாய்ப்பாடு மாதிரி வரும்.

பரீட்சையில் ஒரு கேள்வி. கீழ்க்கண்டவர்களில் யாருக்கு லைசென்ஸ் தேவையில்லை? தன் சொந்த வீட்டுக்குத் தானே பேரம் பேசும் வீட்டுக்காரருக்கு. நோரீன் சரியாகக் குறித்தாள். குறித்த பிறகுதான் வெர்னாவின் நினைவு வந்தது. மிச்சத்தை அவசர அவசரமாக முடித்துவிட்டு, வெளியே வந்து வெர்னாவைக் கூப்பிட்டாள். வீடு அந்த வாரம்தான் ஏலம் போயிருந்தது.

நோரீன் தேறிவிட்டாள், லைசென்ஸும் வந்தது. அதை வைத்து ஒரு போன்கூடப் பேசவில்லை. இப்போது பாதாம் ஆலையில் மூட்டை எடை போடுகிறாள். பைத்தியக்காரி, கையில் தொழிலை வைத்துக்கொண்டு இப்படியா என்று ஊரில் கேட்கிறார்கள். வெர்னா வீட்டைக் காலி செய்த அன்று நோரீனைக் காரில் கூட்டிப்போனது நான்தான். அதனால் நான் கேட்பதில்லை.

டிப்போ பக்கத்து வீடு கிடைக்கவில்லை. நெவாடாவில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போவதற்காக, பஸ் வேலையையும் விட்டுவிட்டு, வெர்னா வேனில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தாள். நோரீன் எதையும் ஒளிக்காமல் சொன்னாள். உங்களுக்கு லைசென்ஸே தேவையில்லை, உங்களையே வங்கியைக் கூப்பிடச் சொல்லியிருக்கலாம், எனக்குத் தோன்றவே இல்லை என்று அழுதாள். திட்டப்போகிறாள் என்று நான் தயாராக நின்றேன்.

வெர்னா மேஜை விளக்கைக் கையில் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நானே கூப்பிட்டிருப்பேனே, நோரீன்," என்றாள். "காலையில பிள்ளைங்கள இறக்கிவிட்டா மத்தியானம் வரைக்கும் எனக்கு வேலையே இல்ல. டிப்போவுல சும்மாதான் உக்காந்திருந்தேன்."