ஒரு சொல்லைத் தேடிய மூன்று பசலி

தாலுகாவுக்குள் ஒரு சிற்றூரை ஒரு பிர்க்காவிலிருந்து பக்கத்துப் பிர்க்காவுக்கு மாற்ற, ரெவின்யூ இன்ஸ்பெக்டர் நேரில் பார்த்து அறிக்கை தர வேண்டும். தாசில்தார் பரிந்துரைக்க வேண்டும். மேலதிகாரி ஒப்பம் வைக்க வேண்டும். விதி இவ்வளவுதான். சொல்லாராய்ச்சி அதில் இல்லை.

1. பென்சில் குறி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் பெரியகுளம் தாலுகாவில் நான் ரெவின்யூ குமாஸ்தா. வருசநாட்டுப் பக்கம் கள்ளிக்கரை என்று முப்பது வீட்டு ஊர். ஒரு வெள்ளத்தில் ஆறு தன் போக்கை மாற்றிக்கொண்டது. விடிந்து பார்த்தால் ஊர் மேற்குக் கரையில் இருந்தது; காகிதத்தில் மட்டும் கிழக்குப் பிர்க்காவிலேயே இருந்தது. மேற்கில் சேர்க்கச் சொல்லி மனு வந்தது. முதல் கையெழுத்து சின்னச்சாமி என்பவருடையது.

இன்ஸ்பெக்டரோடு நானும் போனேன். பழைய ஆற்று மணலில் எல்லைக்கற்கள் படுத்திருந்த ஆடுகளைப் போலக் கிடந்தன. வெயில் தாழும்வரை நானும் அவற்றோடு கிடந்தேன். எந்தப் பிர்க்காவில் படுத்திருக்கிறேன் என்று தெரியாத அந்த மத்தியானம் போல நான் பிறகு தூங்கியதில்லை.

மேலே போன காகிதக் கட்டு ஓரத்தில் பென்சில் எழுத்தோடு திரும்பியது: 'பிர்க்கா: பொருள்? மூலம்?' மேலதிகாரியாகப் புதிதாக வந்திருந்த துரைக்குச் சொற்களில் பித்து, தனக்காகக் குறித்துக்கொண்டிருந்தார். எங்கள் ஹெட் குமாஸ்தாவுக்குப் பென்சிலும் மையும் ஒன்று.

"கேள்வி கேட்டாகன்னா பதில் போகணும். பதில் போகாம கட்டு நகராது" என்றார்.

"அது அவுக தனக்குத்தானே கேட்டுக்கிட்டதுங்க."

"அதுக்கு நீ ஜாமீன் போடுறியா?"

நான் போடவில்லை.

2. விலா எலும்பு

உத்தமபாளையத்தில் அரபு சொல்லிக்கொடுக்கும் ஹஜ்ரத் ஒருவர் இருந்தார். அவரிடம் போனேன்.

"எல்லாமே அரபுதான் தம்பி. பிர்க்கான்னா பிரிஞ்ச கூட்டம். தாலுகான்னா ஒட்டிக்கிட்டு நிக்கிறது. ஜில்லான்னா என்ன தெரியுமா? விலா எலும்பு!" என்று தன் விலாவைத் தட்டிக் காட்டிச் சிரித்தார்.

திரும்பும் வழியில் வண்டியில் மல்லாந்து படுத்துவந்தேன். இருபுறமும் மலைகள் விலா எலும்புகளாக வளைந்திருந்தன. நடுவில் வயலும் வாய்க்காலும் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தன. இத்தனை வருடம் நான் கணக்கு எழுதியது ஒரு பெரிய உடம்புக்குத்தான் போலும். எல்லாவற்றையும் ஒரே வரியில் எழுதி, மறுநாள் அனுப்பலாம் என்று மடித்து வைத்தேன்.

3. விருமாயி

மறுநாள் காலை விருமாயி வந்து நின்றாள். கள்ளிக்கரைக்காரி; சின்னச்சாமியின் தம்பி மனைவி. புருஷன் இறந்து ஆறு மாதம். இருப்பது ஒன்றரை ஏக்கர் புஞ்சை.

"அண்ணன் தம்பி பாகமே பிரியலைன்னு மச்சான் சாதிக்கிறாக சாமி. மேக்கால இன்ஸ்பெக்டரு அவுக சம்பந்தி. ஊரு அங்கன போன மறுநாளே எம் புஞ்சை அவுக பேருக்குப் போயிரும்."

"இங்கன இருக்கிற இன்ஸ்பெக்டர்கிட்ட உன் பேருக்கு மாத்திக்க வேண்டியதுதானே?"

"கட்டு பைசல் ஆகாம யாரு பேரையும் தொடமாட்டேங்குறாரு. என்னமோ ஒரு சொல்லுக்கு அர்த்தம் தேடுறீகளாமே?"

"அது கெடைச்சிருச்சும்மா."

அவள் முகம் செத்துப்போயிற்று. வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "தொலைச்சிருங்க சாமி."

நான் எதையும் தொலைக்கவில்லை. விதியை மீறவும் இல்லை. தனியார் ஒருவரின் வாய்மொழியை அதிகாரபூர்வமாகக் கொள்ளலாகுமா என்று மெட்ராஸ் மொழிபெயர்ப்பு ஆபீசுக்கு எழுதிக் கேட்டேன். ஹெட் குமாஸ்தா என் நுணுக்கத்தை மெச்சினார்.

விருமாயியிடம் ஒன்றுதான் சொன்னேன். "போகம் தவறாம வெதை. வெதைச்சதும் கர்ணத்தைக் கூட்டிவந்து காட்டு." எந்த நிலத்தில் யார் பயிர் வைத்தார் என்று கர்ணம் எழுதும் கணக்குக்கு அடங்கல் என்று பெயர். பிர்க்கா எதுவானாலும் அது எழுதப்பட்டே தீரும்.

சின்னச்சாமி மாதம் ஒருமுறை வருவார். "ஏய்யா, நாலெழுத்துச் சொல்லு. மெட்ராசுக்கு நடந்தா போயிருக்கு?"

"பெரிய எடத்துச் சொல்லு. மெதுவாத்தான் வரும்" என்பேன்.

சந்தைக்கு வரும்போது விருமாயியும் எட்டிப் பார்ப்பாள். "சொல்லு வந்துருச்சா சாமி?"

"இன்னும் வரல."

"நல்லது. அதுக்கு என்ன அவசரம்?"

சோளம், கேழ்வரகு, எள் என்று அடங்கலில் அவள் பெயரில் ஏறிக்கொண்டே வந்தன. பசலி என்பது எங்கள் ரெவின்யூ வருடம். மூன்று பசலி அப்படிப் போயின. நான் விதிப்படி நினைவூட்டுக் கடிதம் எழுதினேன், பசலிக்கு ஒன்று.

கடைசியில் மெட்ராஸ் ஒரு வரி எழுதியது: 'பிர்க்கா என்பது தாலுகாவின் உட்பிரிவு.' இதை எங்கள் வாசலில் நிற்கும் டபேதாரே சொல்லியிருப்பார். ஆனாலும் அதை வைத்துக் கட்டு மேலே போயிற்று, ஊர் மேற்கே போயிற்று. மூன்று பசலி அடங்கலும் நிலம் அவளுடைய தனி அனுபவத்தில் இருப்பதாகப் பேசும்போது, சம்பந்தியாக இருந்தாலும் இன்ஸ்பெக்டரால் 'பாகம் பிரியவில்லை' என்று எழுத முடியவில்லை. பட்டா விருமாயி பெயருக்கு வந்தது.

வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்ல இதுதான்: காகிதக் கட்டை ஓட்டத் தெரிந்தால் மட்டும் போதாது. அதைத் தூங்கவைக்கவும் விதிகள் உண்டு. அதற்கு விதிகளை இன்னும் நன்றாகப் படித்திருக்க வேண்டும்.

மெட்ராஸ் பதில் வந்த அன்று, அதைப் பதிவேட்டில் ஏற்றுமுன் வாசலில் நின்ற விருமாயியிடம், "சொல்லு வந்துருச்சும்மா" என்றேன். "எள்ளு அறுத்தாச்சு சாமி, இனி வரட்டும்" என்றாள். வரவு முத்திரை குத்தினேன்: மார்ச் 9.